புதுப்பிப்பு: கூரையில் அடைந்த மயில்கள் இடம் மாறிவிட்டன

மாலையானால் வீட்டுக் கூரையில் கூட்டமாக வந்து அடையும் மயில்களைத் துன்புறுத்தாமல் விலக்குவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது அவை கூரைக்கு வருவதில்லை.

பலன் தந்தது, அசைவை உணர்ந்து தானாகத் தண்ணீர் பீய்ச்சும் கருவி. அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். எங்கள் மயில்கள் மதில், தாழ்ந்த கிளை, அப்புறம் கூரை என்று படிப்படியாக ஏறின. அதனால் மதிலைப் பார்த்து வைத்தேன். வெளிச்சம் இருக்கும்போதே அது வேலை செய்ய வேண்டும். அடைந்துவிட்ட பறவையை இருட்டில் கிளப்பினால் எதிலாவது மோதி அடிபடும்.

மிரட்டுவதற்காகத் தொங்கவிட்ட பளபளக்கும் சிடிகள் மயில்களுக்குச் சீக்கிரமே பழகிவிட்டன. நாய்க்கு வெளியே வைத்த சாப்பாட்டை உள்ளே எடுத்ததும் பகல் வரவும் குறைந்தது.

எதிர்பாராதவை இரண்டு. ஆண் மயில் ஒன்று, கார் கதவில் தெரிந்த தன் உருவத்தை எதிரியாக நினைத்துக் கொத்தத் தொடங்கியது. இனச்சேர்க்கைக் காலத்தில் இது வழக்கம்தான். உறை போட்டதும் நின்றது. இன்னொன்று, புதருக்குள் ஒரு பெட்டை முட்டையிட்டு அடைகாத்தது. குஞ்சு பொரிக்க சுமார் 28 நாள் ஆகும், அதுவரை அந்தப் பக்கத்துக் கருவியை அணைத்தே வைத்தேன்.