டெவில்ஸ் டவர் எரிமலைக் கழுத்தா? சாம்பல் எங்கே?

கரும்பாறை: நேற்று ஒருவர் இங்கே, "அமெரிக்காவின் வயோமிங்கில் உள்ள டெவில்ஸ் டவர் குன்று ஓர் எரிமலையின் கழுத்து, சந்தேகமே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். எதை வைத்து? கழுத்து என்றால் வெடித்த எரிமலையின் குழாய்க்குள் இறுகிய பாறை. அப்படியானால் சுற்றிலும் சாம்பல் படிவு எங்கே, லாவா ஓட்டம் எங்கே? வெளியே வராமல் நிலத்துக்கு அடியிலேயே இறுகிய பாறைக்குழம்பு அது. மேலே மூடியிருந்த படிவுப் பாறைகள் அரித்துப் போனதால் 264 மீட்டர் உயரத்துக்குத் தனியாக நிற்கிறது.

நெருப்பாழி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். மூடியிருந்த பாறையே அரித்துப் போனதென்றால் சாம்பல் மட்டும் தங்குமா?

கரும்பாறை: இல்லாததையே சாட்சியாகக் காட்டுகிறீர்கள். சாம்பல் எங்கே?

மலைத்தேனீ: பக்கமெல்லாம் தூண் தூணாக இருக்கிறதே! வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே தூண்கள் மாதிரி இதுவும் பசால்ட் என்ற கருநிற லாவாதான்.

கரும்பாறை: பசால்ட்டா! அது போனோலைட் என்ற வேறு வகைப் பாறை. பாறைக்குழம்பு ஆறும்போது சுருங்கி வெடிப்பதால் தூண்கள் வருகின்றன. மண்ணுக்கு அடியில் ஆறினாலும் வரும். படித்துவிட்டு வாருங்கள்.

மலைத்தேனீ: போன மாதம் சில், லாக்கோலித் என்ற இரண்டு நிலத்தடிப் பாறை வடிவங்களைக் குழப்பியவர் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

கரும்பாறை: நான் குழப்பவில்லை, நீங்கள் பாதியில் ஓடிப்போனீர்கள். யூட்டாவின் ஹென்றி மலைகளை ஆராய்ந்து நிலவியலாளர் கில்பர்ட் 1877இலேயே லாக்கோலித்தை விளக்கிவிட்டார். மேலே உள்ள அடுக்குகளைக் குவிமாடமாகத் தூக்கினால் லாக்கோலித். அடுக்குகளுக்கு இடையே தட்டையாகப் பரவினால் சில். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

நெருப்பாழி: பேச்சை மாற்றாதீர்கள். மார் வகை (பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்து உண்டான) எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய லாவாவாக இருக்கலாம் என்று 2015இல் ஓர் ஆய்வு வந்ததே, அதற்கு என்ன பதில்?

கரும்பாறை: "இருக்கலாம்" என்கிறது ஆய்வு. "சந்தேகமே வேண்டாம்" என்றது நீங்கள். கழுத்து எப்படி இருக்கும் என்று தெரிய நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கைப் பாருங்கள். டைக் சுவர்கள், அதாவது நில வெடிப்புகளில் பாறைக்குழம்பு இறுகி உண்டான சுவர்கள், அதிலிருந்து கிளம்பிச் சமவெளியில் நெடுந்தூரம் ஓடுகின்றன. டெவில்ஸ் டவரில் அப்படி ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம். சாம்பலையும் சேர்த்து.

நெருப்பாழி: எல்லாக் கழுத்துக்கும் டைக் வேண்டும் என்று யார் விதித்தது? பக்கத்திலேயே மிசௌரி பியூட்ஸ் இருக்கிறது, அதே போனோலைட். வெடித்து நொறுங்கிய பாறைத்திரளும் அங்கே கிடைத்திருக்கிறது.

கரும்பாறை: அது வடமேற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே கிடைத்ததை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

மலைத்தேனீ: சில்லைப் பற்றிய பழைய இழையைத் தோண்டி எடுக்கட்டுமா? அங்கே நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது.

கரும்பாறை: தாராளமாக எடுங்கள். பசால்ட் என்று நீங்கள் எழுதியதும் இங்கே அப்படியே இருக்கும்.