முதல் வார்ஹேமர் போட்டிக்கு மதுரையிலிருந்து போகிறேன்: எப்படித் தயாராவது?

திருநகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கிறேன்; வயது 24. மூன்று ஆண்டுகளாக, சிறு பிளாஸ்டிக் வீரர் உருவங்களை மேசையில் நிறுத்திப் பகடை உருட்டி இருவர் மோதும் வார்ஹேமர் 40,000 போர் விளையாட்டுக்கான நெக்ரான் (உலோக உடம்பு வீரர்கள்) படை ஒன்றைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் ஒரு நண்பருடைய வீட்டு மாடியில் பிளைவுட் பலகை போட்டு ஆடுகிறோம். அந்த நால்வரைத் தவிர வேறு எவருடனும் நான் இதுவரை ஆடியதில்லை.

அடுத்த மாதம் பெங்களூரில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடக்கவிருக்கும் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். 32 பேர் கலந்துகொள்கிறார்கள். பிரிவுகளின் மதிப்பைக் கூட்டினால் 2,000 புள்ளிக்குள் வரும் படை. பத்தாம் பதிப்பு விதிகள். சனிக்கிழமை மூன்று ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. ஓர் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம். பணம் கட்டிய நாளிலிருந்து எனக்குச் சரியாக உறக்கம் இல்லை. எங்கள் மாடியில் ஓர் ஆட்டம் முடிய ஐந்து மணி நேரம் ஆகிறது. பல நாள் ஐந்து சுற்றில் மூன்றாவதிலேயே சாப்பாட்டுக்கு அழைத்துவிடுவார்கள், ஆட்டம் அப்படியே நின்றுவிடும். இருபது வீரர்கள் கொண்ட ஒரு பிரிவுக்கு இன்னும் வண்ணமே தீட்டவில்லை. இவ்வளவு உருவங்களையும் உடையாமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்றும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து ஆட்டங்களிலும் தோற்று, ஆங்கிலத்தில் விதிகளை விளக்கவும் தடுமாறி, எதிரே நிற்பவருடைய நேரத்தை வீணாக்கிவிடுவேனோ என்ற அச்சம் இருக்கிறது. இத்தகைய போட்டிகளுக்குச் சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

நாகமலை

தம்பி, ஐந்திலும் தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. இந்தப் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில், அதாவது சதுரங்கப் போட்டிகளில் உள்ளதுபோல, ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஒரே அளவு வெற்றி பெற்றவர்களைத் தங்களுக்குள் மோதவிடும் முறையில் நடக்கின்றன. 32 பேர் ஐந்து ஆட்டம் ஆடி, எதுவும் சமனில் முடியாவிட்டால், ஐந்தையும் வெல்பவர் ஒருவர். நான்கு வெற்றி பெறுபவர்கள் ஐந்து பேர். மூன்று வெற்றி பத்துப் பேர். இரண்டு வெற்றி பத்துப் பேர். ஒரு வெற்றி ஐந்து பேர். ஐந்தையும் தோற்பவர் ஒரே ஒருவர். முதல் ஆட்டத்தில் மிகத் தேர்ந்த ஒருவரிடம் மாட்டிக்கொண்டு இரண்டாம் சுற்றிலேயே படை கரைந்துபோகலாம். ஆனால் இரண்டு தோல்விக்குப் பிறகு எதிரே வந்து நிற்பவரும் உங்களைப் போலவே இரண்டு ஆட்டம் தோற்று வந்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் புதியவர்களுக்கு மிக நல்ல ஆட்டங்களாக அமைவது இதனால்தான். நான் முதன்முறை சென்றபோது ஒரே ஓர் ஆட்டம்தான் வென்றேன். அந்த ஐந்து ஆட்டங்களில் கற்றதை மாடியில் இரண்டு ஆண்டு ஆடியும் நான் கற்றிருக்கவில்லை.

நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது நேரத்தைப் பற்றித்தான். மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். படைகளை ஒருவருக்கொருவர் விளக்கி, மேசையில் நிறுத்தி முடிக்க இருபது நிமிடம் போனால், மிச்சம் ஆளுக்கு 80 நிமிடம். ஐந்து சுற்றுக்குப் பங்கிட்டால் உங்கள் முறை ஒன்றுக்குப் பதினாறு நிமிடம். முதல் இரண்டு சுற்றுகளில் உருவங்கள் நிறைய நிற்பதால் இருபத்தைந்து நிமிடம்கூட ஆகும்; பின்னர் எண்ணிக்கை குறையக் குறைய வேகம் தானாக வரும். இந்த விளையாட்டில் குறியிடங்களைப் பிடித்து வைத்திருப்பதற்கான புள்ளிகள் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே வருகின்றன. மூன்றாம் சுற்றோடு நின்றுபோன ஆட்டத்தில் உங்களுக்கு மட்டுமல்ல, எதிராளிக்கும் அந்தப் புள்ளிகள் பறிபோகின்றன. தோற்கிறவர்மீது எவரும் வருத்தம் கொள்வதில்லை. ஆட்டத்தை முடிக்கவிடாதவர்மீதுதான் வருத்தம் வரும். ஆகவே இந்த ஒரு மாதமும் மாடியில் கைப்பேசியில் சதுரங்கக் கடிகாரச் செயலியை வைத்து, ஆளுக்கு 90 நிமிடம் என்று கட்டாயமாக ஆடுங்கள். சாப்பாட்டுக்கு அழைத்தால், பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லி ஐந்தாம் சுற்றை முடித்துவிட்டே இறங்குங்கள்.

நெக்ரான் படைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. உங்கள் முறையின் தொடக்கத்தில் வரும் கட்டளைக் கட்டத்தின் முடிவில் ஒவ்வொரு பிரிவுக்கும் பகடை உருட்டி, விழுந்த வீரர்களை எழுப்ப வேண்டியிருப்பதால், விழுந்தவர்களை எங்கே வைத்தோம், எவர் எந்தப் பிரிவு என்று தேடுவதிலேயே நிமிடங்கள் கரையும். மேசை ஓரத்தில் பிரிவுக்கு ஒரு சிறு தட்டு வைத்துக்கொண்டு, விழுந்தவர்களை அந்தந்தத் தட்டிலேயே போட்டு வாருங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் இணையத்தில் எவரோ பாராட்டினார் என்று புதிய பிரிவு எதையும் படையில் சேர்க்காதீர்கள். விதிகளைப் புத்தகம் பார்க்காமல் சொல்லத் தெரிந்த பிரிவு, காகிதத்தில் அதைவிட வலிமையான, ஆனால் பழகாத பிரிவைக் காட்டிலும் உங்களுக்கு நன்றாக உழைக்கும்.

இனி, பேச்சு. ஆங்கிலம் தடுமாறும் என்று அஞ்ச வேண்டாம். மேசையில் தேவைப்படும் சொற்கள் ஐம்பதைத் தாண்டாது, அவை அனைத்தையும் நீங்கள் ஏற்கெனவே மாடியில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். முக்கியமானது வேறொன்று: ஓர் உருவத்தை எந்த எண்ணத்தோடு ஓர் இடத்தில் வைக்கிறீர்கள் என்பதை அதை வைக்கும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘இந்தச் சுவருக்குப் பின்னால், உங்கள் பீரங்கியின் பார்வையில் படாதபடி வைக்கிறேன், உங்களுக்கும் அப்படித்தான் தெரிகிறதா?’ என்று கேட்டு, அவர் ஆம் என்று சொல்லிவிட்டால், அரை மணி நேரம் கழித்துக் கை பட்டு உருவம் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் சண்டை வராது. சொல்லாமல் வைத்துவிட்டால், பின்னர் இருவரும் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து வாதாட வேண்டிவரும். சாய்ந்து நிற்கும் பகடையை மீண்டும் உருட்டுவதா, மேசையிலிருந்து கீழே விழுந்த பகடை செல்லுமா என்பதையும் முதல் உருட்டலுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

விளாச்சேரிப் பக்கத்தார்

மேலே அண்ணன் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. வண்ணத்தையும் பெட்டியையும் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பெயரைப் பார்த்தே ஊரைத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் தெருவில் வளர்ந்தவன் நான். இரண்டு அங்குல உயரத்துக்கும் குறைந்த இந்த வீரர்களைத் தீட்ட உட்காரும்போது, அங்கே சிறுவயதில் பார்த்த வேலை முறைதான் எனக்கு இன்றுவரை கைகொடுக்கிறது. ஒரு பொம்மையை எடுத்து அடி முதல் முடி வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற வழக்கம் அங்கே இல்லை. வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றுக்கும் ஒரு நிறம், காய்ந்ததும் எல்லாவற்றுக்கும் அடுத்த நிறம் என்று போவார்கள்; கண் திறப்பது கடைசியில். உங்கள் இருபது வீரர்களையும் அப்படி வரிசையில் நிறுத்துங்கள்.

நெக்ரான் உலோக உடம்பு என்பது உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. முதலில் வெள்ளி நிற ஸ்பிரே. அது காய்ந்ததும் கரிய நிற வாஷ் (நீர்த்த வண்ணம்) ஒன்றை மேலெல்லாம் தடவி, அது பள்ளங்களில் இறங்கித் தங்கும்வரை விட்டுவிடுங்கள். பிறகு துப்பாக்கிக் குழாய்க்குப் பச்சை. வீரர் நிற்கும் அடித்தட்டுக்கு ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, தேநீர் வடிகட்டியில் சலித்து, ஃபெவிகாலில் ஒட்டி, பழுப்பு நிறம் கொடுத்தால் போதும். இரண்டு மாலை வேலைதான். முக்கிய இடங்களுக்கு நிறமும், அடித்தட்டுக்கு வேலைப்பாடும் இருந்தால் விதிப்படி அது தீட்டிய படையாகிவிடும். படை முழுவதும் அப்படி இருந்தால்தான் ஆட்டத்துக்கு 100 புள்ளிகளில் 10 கிடைக்கும். இருபது பேரை வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக விட்டுவிட்டால், மற்றவர்களுக்காக நீங்கள் மூன்று ஆண்டு பட்ட பாட்டுக்கும் அந்தப் பத்துப் புள்ளி வராது. ஸ்பிரேயை மட்டும் நேரம் பார்த்து அடியுங்கள். நம் ஊர் நண்பகல் வெயிலில் வண்ணம் உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, பொடிபோல் சொரசொரப்பாகப் படிகிறது. மழை ஈரத்தில் அடித்தால் வெளுத்துப்போகிறது. மழையில்லாத நாளில், காலை வெயில் ஏறுவதற்குள் அடிப்பதே நல்லது.

பெட்டிக்குக் காந்தம்தான் என் வழி. ஒவ்வோர் உருவத்தின் அடித்தட்டுக்குக் கீழும் ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு நியோடிமியக் காந்தம் ஒன்றை ஒட்டி, இரும்புத் தகடு பதித்த பெட்டிக்குள் நிறுத்திவிட்டால், பேருந்து எவ்வளவு குலுங்கினாலும் உருவம் விழாது. பழைய தகர டிரங்குப் பெட்டி இதற்கு மிக ஏற்றது. எவர்சில்வர், அலுமினியப் பெட்டிகளை வாங்கிவிடாதீர்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டவே ஒட்டாது, சமையலறை எவர்சில்வரிலும் பெரும்பாலும் ஒட்டாது. இன்னொன்று, படையில் முப்பரிமாண அச்சில் எடுத்த பாகங்கள் இருந்தால், அமைப்பாளர்கள் அவற்றை அனுமதிக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவை பிஎல்ஏ பிளாஸ்டிக் என்றால் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கவும் கூடாது. அறுபது டிகிரி வெப்பத்திலேயே அது இளகத் தொடங்கிவிடும்.

திருநகர்வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் தந்த 32 பேர் கணக்கை நண்பர்களிடம் காட்டினேன்; நால்வரும் தாளில் போட்டுப் பார்த்துச் சரி என்றார்கள். நேற்று கடிகாரம் வைத்து ஆடினோம். என்னுடைய 90 நிமிடமும் நான்காம் சுற்றின் நடுவிலேயே தீர்ந்துவிட்டது. ஆயினும் மூன்று மணி நேரத்துக்குள் நான்காம் சுற்றைத் தொட்டதே எங்களுக்குப் புதிது. ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. விதியில் கருத்து வேறுபாடு வந்தால் நடுவரை அழைப்பது எதிராளியை அவமதிப்பது போல் ஆகிவிடாதா?

கே.கே.நகர் அக்கா

ஆகாது, தம்பி. இதை உறுதியாகச் சொல்லக் காரணம், அழைக்காமல் விட்டு வருந்தியவள் நான். என் இரண்டாவது போட்டியில், எதிரே ஆடியவர் தம் பிரிவு ஒன்று சுவருக்கு ஊடே பாய்ந்து தாக்கலாம் என்றார். எனக்கு அப்படி நினைவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் ஒரே பெண்ணாக இருந்துகொண்டு தகராறு செய்கிறேன் என்ற பெயர் வந்துவிடுமோ என்று எண்ணி ஒப்புக்கொண்டுவிட்டேன். மாலையில் அறைக்குத் திரும்பி விதியை எடுத்துப் பார்த்தபோது அவர் சொன்னது பிழை என்று தெரிந்தது. அவர் ஏமாற்றவில்லை, பழைய பதிப்பு விதியை நினைவில் வைத்திருந்தார், அவ்வளவுதான். மறுநாள் காலை அவரே தேடி வந்து வருத்தம் தெரிவித்து, ‘நடுவரை ஒருமுறை கூப்பிட்டிருக்கலாமே’ என்றார். அன்றிலிருந்து, இரண்டு நிமிடத்துக்குள் விதியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், ‘நாம் இருவரும் சேர்ந்து நடுவரைக் கேட்டுக்கொள்வோமா?’ என்று சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டுக் கையைத் தூக்கிவிடுவேன். அதற்கு முகம் சுளித்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. கடிகாரம் வைத்து ஆடுகிறீர்கள் என்றால், நடுவர் வந்து பேசி முடிக்கும்வரை அதை நிறுத்திவைக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றி எவரும் சொல்லவில்லை. சனிக்கிழமை மூன்று ஆட்டம் என்றால் ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டே, மேசைமீது குனிந்துகொண்டே இருக்க வேண்டும்; மூன்றாம் ஆட்டத்தில் செய்யும் பிழைகளில் பாதி பசியாலும் கால்வலியாலும் வருபவை. புதுச் செருப்பு வேண்டாம். தண்ணீர்ப் புட்டியும், கை பிசுபிசுக்காத தின்பண்டம் ஏதேனும் ஒன்றும் பையில் இருக்கட்டும். எண்ணெய்க் கையோடு எவருடைய உருவத்தையும் தொட்டுவிடக் கூடாது. பிறருடைய உருவத்தைக் கேட்காமல் தொடுவதே கூடாது என்பது வேறு.

போவதற்கு, வெள்ளி இரவு மதுரை வழியாகச் செல்லும் தூத்துக்குடி - மைசூரு விரைவு வண்டி ஏற்றது; விடிகாலையில் எழுந்து குளித்துவிட்டுக் கூடத்துக்குப் போக நேரம் இருக்கும். டிரங்குப் பெட்டியை இருக்கைக்கு அடியில் வைக்க வசதியாகக் கீழ்ப் படுக்கையாகக் கேளுங்கள். திரும்புவதற்கு மட்டும் அவசரப்பட்டுச் சீட்டு எடுக்காதீர்கள். ஐந்தாவது ஆட்டத்தின் நடுவே வண்டிக்கு நேரமாயிற்று என்று ஒருவர் கிளம்பிவிட்டால், எதிரே நிற்பவருக்கு அன்றைய கடைசி ஆட்டமே இல்லாமல் போகும். ஊரெல்லாம் கடந்து அந்த ஐந்து ஆட்டத்துக்காகத்தான் அவரும் வந்திருப்பார். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பிறகு புறப்படும் பேருந்தில் இடம் பிடித்து, திங்கட்கிழமை அரை நாள் விடுப்பை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.