பயோடேட்டாவில் ‘ஹெல்தி’ என்று போடலாமா?

இலக்கணப்புலி:
நேற்று ஒருவர் தன் அக்கா மகளின் கல்யாண பயோடேட்டாவுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தார். பெண் 5 அடி 2 அங்குலம், கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. மாப்பிள்ளை வீடு லண்டன். நம் பழையசோறு ‘ஷார்ட் அண்ட் ஹெல்தி’ என்று போடச் சொல்லியிருக்கிறார்! ஐயா, ஹெல்தி என்றால் நோய்நொடி இல்லாதவர். லண்டனில் படிப்பவர்கள் ‘இதை ஏன் தனியாகச் சொல்கிறார்கள், முன்பு ஏதாவது வியாதியோ’ என்றுதான் யோசிப்பார்கள். 22 வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் சொல்கிறேன்.

பழையசோறு:
வணக்கம் வாத்தியாரே. “கல்யாணத்துக்கு அப்புறம் நல்லா ஹெல்தி ஆயிட்டீங்க” என்று யாராவது சொன்னால், உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டா சொல்கிறார்கள்? எடை கூடியிருக்கிறது என்றுதானே உங்களுக்கும் புரிகிறது? அப்புறம் என்ன?

இலக்கணப்புலி:
புரிவது வேறு, சரி என்பது வேறு. அதற்கென்றே சொற்கள் வரிசையாக இருக்கின்றன. சப்பி என்றால் கொழுகொழு, குழந்தைக்கும் கன்னத்துக்கும். ஸ்டவுட் என்றால் கொஞ்சம் வயதானவர் கண்ணில் வருவார். ஸ்டாக்கி என்றால் குட்டையாக, அகலமாக, உரமாக. பெண்ணுக்குப் போட்டால் மல்யுத்தம் செய்பவளோ என்று நினைப்பார்கள். பெட்டீட் சிறுகூடான ஒல்லிப் பெண்ணுக்கு மட்டும். பிளம்ப் என்றால் பூசினாற்போல், ஓரளவு மரியாதையானது. இந்த வரிசையில் ஹெல்தி எங்கே?

டொரண்டோதம்பி:
இங்கே வந்த புதிதில் கூட வேலை பார்த்த பெண்ணிடம், ஸ்லிம் என்று நினைத்துக்கொண்டு ஸ்கின்னி, அதாவது எலும்பும் தோலும், என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் அண்ணன் நல்ல உயரம் என்பதற்கு ‘ஹி இஸ் வெரி ஹை’ என்றேன்; கஞ்சா அடித்திருக்கிறாரா என்று கேட்டார்கள். ஆனால் ஹெல்தி என்று சொல்லி யாரும் கோபித்ததில்லை. நன்றி சொல்கிறார்கள்.

இலக்கணப்புலி:
நன்றி சொல்கிறார்கள் என்றால் குண்டு என்ற அர்த்தம் அவர்கள் காதில் விழவே இல்லை. என் கட்சி ஜெயித்தது.

பழையசோறு:
யார் மனமும் நோகவில்லை. பயோடேட்டாவுக்கு வேறென்ன வேண்டும்? ஜெயித்தது என் கட்சி.

குட்டைக்கத்தரிக்காய்:
எல்லோரும் ஹெல்தியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். 5 அடி 2 அங்குலத்தை ஷார்ட் என்றதை ஒருவரும் கேட்கவில்லையே! இந்தியப் பெண்களின் சராசரி உயரமே ஏறத்தாழ 5 அடிதான்.

மைனர்வாள்:
நெப்போலியனும் 5 அடி 2 அங்குலம்தான். உலகமே அவரைக் குள்ளம் என்கிறது. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று சும்மாவா சொன்னார்கள் :)

குட்டைக்கத்தரிக்காய்:
அது பிரெஞ்சு அங்குலம் ஐயா! ஒரு பிரெஞ்சு அங்குலம் 2.7 சென்டிமீட்டர். இன்றைய கணக்கில் அவர் சுமார் 5 அடி 6 அங்குலம், அந்தக் காலத்து ஆண்களில் குள்ளமே இல்லை. பழமொழியை மடித்து உங்கள் ஜோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மைனர்வாள்:
ஸ்மைலி போட்டது கண்ணில் படவில்லையா? உயரத்தைப் பேசினாலே சிலருக்குச் சுருக்கென்கிறது.

இலக்கணப்புலி:
நெப்போலியனை விடுங்கள். ஹெல்திக்கு வருவோம். ஆசிய உடல்வாகுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23 தாண்டினாலே அதிக எடை என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நாமோ தொப்பை போட்டவரை ஹெல்தி என்கிறோம். இது மொழிப்பிழை மட்டும் இல்லை. ‘மீடியம் பில்ட்’ என்று போட்டால் கௌரவமாக முடிந்துவிடும்.

பழையசோறு:
பூசினாற்போல் இருப்பவளை மீடியம் என்பது பொய் இல்லையா? என் ஹெல்தியாவது அர்த்தத்தோடு இருந்தது. போன மாதம் ‘ப்ரீபோன்’ (குறித்த நாளை முன்னால் தள்ளுவது) ஆங்கிலமே இல்லை என்று இதே மீசையைத்தான் முறுக்கினீர்கள். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே இருக்கிறது என்று காட்டியதும் நாலு நாள் ஆளையே காணோம்.

இலக்கணப்புலி:
காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று அப்போதே சொன்னேன்.

பழையசோறு:
ஓ, அப்போது நீங்கள் ஹெல்தியாக இல்லை!

இலக்கணப்புலி:
இந்த இடத்தில் மட்டும் சரியான அர்த்தத்தில் எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களா? ஹெல்தி என்றால் நோய் இல்லாமை. உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

பழையசோறு:
ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கக் கூடாதா? ‘ஆறு’ என்றால் நதியா, எண்ணா?

இலக்கணப்புலி:
தமிழில் இருக்கட்டும். நான் ஆங்கிலத்தைச் சொல்கிறேன்.

அக்காதம்பி:
ஐயா, கேள்வி கேட்டவன் நான்தான். அக்கா இன்று சாயங்காலம் அனுப்ப வேண்டும் என்கிறாள். பிளம்ப் போடவா, மீடியம் போடவா? இல்லை, உயரத்தையும் எடையையும் எண்ணில் மட்டும் போட்டுவிடட்டுமா?

குட்டைக்கத்தரிக்காய்:
எது போட்டாலும் ஷார்ட் மட்டும் வேண்டாம்.

இலக்கணப்புலி:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். ஹெல்தி தப்பு என்று பழையசோறு முதலில் ஒப்புக்கொள்ளட்டும்.

பழையசோறு:
ப்ரீபோனுக்கு நீங்கள் ஒப்புக்கொண்டீர்களா?

இலக்கணப்புலி:
அகராதியில் ஏறிய சொல்லெல்லாம் நல்ல ஆங்கிலம் ஆகிவிடாது. அதையும் அன்றே எழுதினேன், தேடிப் பாருங்கள்.