நான்கும் சமம், ஆனால் நான்கும் ஒன்றல்ல

கணித ஆசிரியர் ஒருவரின் பகிர்வு:

ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், இணைகரத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் கரும்பலகையில் வரைந்து, அவை அதனை நான்கு சர்வசம (வடிவமும் அளவும் ஒன்றேயான) முக்கோணங்களாகப் பிரிக்கின்றன என்று சற்றும் தயங்காமல் சொல்லிவிட்டேன். மாணவி ஒருத்தி வகுப்பில் மறுத்துப் பேசவில்லை. பழைய நோட்டின் அட்டையில் இணைகரம் ஒன்றை வெட்டி, மூலைவிட்டங்களின் வழியே நான்கு துண்டுகளாக்கி, இடைவேளையில் என் மேசைமீது கொண்டுவந்து வைத்தாள். எதிரெதிரே இருந்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் படிந்தன. அடுத்தடுத்து இருந்தவையோ, எப்படித் திருப்பினாலும் புரட்டினாலும் பொருந்தவில்லை. ஒன்றின் மூலை மற்றொன்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது.

ஆயினும் நான்கின் பரப்பளவும் சமம்தான். மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடுவதால், அடுத்தடுத்த இரு முக்கோணங்களின் அடிப்பக்கங்கள் ஒரே மூலைவிட்டத்தின் இரு பாதிகளாகின்றன. அவற்றின் உச்சி பொதுவானது என்பதால் செங்குத்துயரமும் ஒன்றே. அந்த இணைகரம் நான்கு பக்கமும் சமமான சாய்சதுரமாக இருந்திருந்தால் மட்டுமே நான்கும் சர்வசமமாகியிருக்கும் (சதுரமும் சாய்சதுரமே). நான் வரைந்தது சாய்சதுரம் அன்று. மறுநாள் அவளுடைய அட்டைத் துண்டுகளைக் கொண்டே என் தவறைத் திருத்தினேன், 9 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள செவ்வகத்தையும் 6 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தையும் அருகருகே வரைந்து, இரண்டும் 36 ச.செ.மீ. என்று காட்டிய பிறகு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு தந்தையின் பகிர்வு:

எங்கள் வீட்டில் நேர்ந்தது இதற்கு நேர்மாறான தவறு. பக்கம் 6 செ.மீ. கொண்ட ஒழுங்கு அறுகோணத்தை ஆறு சமபக்க முக்கோணங்களாகப் பிரித்து, ஒரு முக்கோணத்தின் பரப்பளவு 9√3 என்பதால் மொத்தம் 6 × 9√3, அதாவது ஏறத்தாழ 93.5 ச.செ.மீ. என்று சரியாகக் கண்ட என் மகன், அதே வேகத்தில் ஒழுங்கு ஐங்கோணத்துக்கு 5 × 9√3 என்று எழுதி 77.9 ச.செ.மீ. என முடித்துவிட்டான். ஐந்து முக்கோணங்களும் சர்வசமம் என்பது சரி. அவை சமபக்கம் என்று கொண்டதுதான் பிழை. மையத்தில் 360° ஐந்தாகப் பிரியும்போது ஒவ்வொன்றும் 72° ஆகிறது. 60° வருவது அறுகோணத்தில் மட்டுமே. சூத்திரத்தைச் சொல்லாமல், கோணமானியைக் கொடுத்து வரையச் சொன்னேன். மையத்திலிருந்து உச்சிக்கு 5.1 செ.மீ., பக்கத்துக்குச் செங்குத்தாக 4.1 செ.மீ. என்று அளந்து, 5 × ½ × 6 × 4.1 = 61.5 ச.செ.மீ. என்று அவனே எழுதினான். துல்லியமான மதிப்பு ஏறத்தாழ 61.9. பென்சில் முனையின் தடிமனை நினைத்தால் இது நல்ல விடையே. அடித்த பழைய விடையைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "அப்போ எண்கோணத்துக்கு 45° தானே அப்பா?" என்று கேட்டான்.