நெல் கணக்கில் புகுந்த நல்

பாமணியாறு (கேள்வி)

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் உழவர் குழுவின் கிடங்குக்கு ஜாவா மொழியில் வரவுக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிறுவனம் எதுவும் இல்லை, நான் ஒருவன்தான். நெல் லோடு வந்ததும் நான்கு மூட்டைகளில் குத்தூசி போட்டு மாதிரி எடுப்பார்கள். நான்கின் ஈரப்பதத்தையும் பையன் கணினியில் தட்டுவான். சராசரி 17 சதவீதத்துக்குள் இருந்தால் பச்சை விளக்கு. அரசு கொள்முதலில் வழக்கமாக உள்ள அதே வரம்புதான்.

சம்பா அறுவடை மும்முரத்தில் ஒரு நாள் மூன்று மாதிரிகளுக்கு 18.2, 18.6, 17.9 என்று வந்திருக்கிறது. நான்காவதற்குள் மீட்டரின் பேட்டரி தீர்ந்துவிட்டது. பையன் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டான். என் நிரல் 13.7 என்று சராசரி காட்டிப் பச்சை விளக்கும் போட்டது. 40 கிலோ சிப்பமாக 200 சிப்பம் உள்ளே போயிற்று. ஐந்தாம் நாள் அடுக்குக்குள் கையை விட்டால் சுடுகிறது, வாடையும் வந்துவிட்டது. தார்ப்பாயில் கொட்டிக் காயவைத்த கூலியை யார் தருவது என்று இன்னும் பேச்சு நடக்கிறது.

தேடிப் பார்த்ததில், நான் நிரலில் சேர்த்திருந்த அப்பாச்சி காமன்ஸ் லாங் என்ற ஆயத்த நிரல் நூலகத்தின் நம்பர்யூட்டில்ஸ் வகுப்பிலுள்ள டூடபிள் என்ற செயற்கூறுதான் வெறுங்கட்டத்தை 0.0 ஆக்கியிருக்கிறது. நல் (null, அதாவது மதிப்பே இல்லை என்ற குறி) கொடுத்தாலும் 0.0. 'அஆஇ' என்று கொடுத்தாலும் 0.0. எங்கேயும் ஒரு முனகல்கூட இல்லை. ஈரமே இல்லாத நெல் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கே விளைகிறது? (நல் என்று தமிழில் எழுதினால் நல்லது போலத் தெரிகிறது. அதுவே ஒரு கொடுமை.)

இந்த நூலகத்தைத் தூக்கிவிட்டு நானே ஒரு யூட்டிலிட்டி வகுப்பு எழுதிக்கொள்ளலாமா? அல்லது இது பிழை என்று அவர்களுக்கே எழுதலாமா? கூடவே ஒரு சின்னச் சந்தேகம்: இதே நூலகத்தில் எழுத்துச் சரங்களைக் கையாளும் ஸ்ட்ரிங்யூட்டில்ஸ் வகுப்பு முழுக்க ஸ்டாட்டிக் செயற்கூறுகள்தான், பொருள் எதுவும் உருவாக்காமலே அழைக்கலாம். பிறகு பொருளை உருவாக்கும் அதன் கன்ஸ்ட்ரக்டரை ஏன் பொதுவில் திறந்து வைத்திருக்கிறார்கள்?

வெட்டாறு

தம்பி, பிழை என்று எழுதினால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். மாற்ற முடியாவிட்டால் 0.0 தரும் என்று அந்தச் செயற்கூறின் விளக்கத்திலேயே இருக்கிறது. அதை நம்பி எழுதிய நிரல்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றங்கள் செய்ய வேண்டி வந்தபோது, 2011-இல் 3.0 பதிப்புக்காகத் தொகுப்பின் பெயரையே லாங் என்பதிலிருந்து லாங்3 என்று மாற்றினார்கள். அப்படிப்பட்டவர்கள் உங்கள் 200 சிப்பத்துக்காக அசைவார்களா?

நூலகத்தைத் தூக்கவும் வேண்டாம். நான் கும்பகோணத்தில் இருபது வருடமாகக் கணக்கு நிரல் எழுதுகிறேன். பெயர், முகவரி, தகப்பனார் பெயர் என்று வருகிற இடங்களில் ஸ்ட்ரிங்யூட்டில்ஸ் பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய உபகாரம். முகவரியில் தெருப் பெயர் இல்லை என்பதற்காக ரசீது அச்சாகாமல் நிற்கக் கூடாது. எழுத்து விஷயத்தில் நல்லும் வெறுஞ்சரமும் (ஓர் எழுத்துகூட இல்லாத சரம்) ஒன்றென்று வைத்துக்கொண்டால் நஷ்டம் குறைவு. அளவை விஷயத்தில் அப்படி இல்லை. வெறுஞ்சரம் பதர் மாதிரி: உமி இருக்கிறது, உள்ளே அரிசி இல்லை. நல் என்றால் அந்தக் கதிரே இல்லை. பூஜ்யமோ யாரோ நிறுத்துப் பார்த்து எழுதிய எடை. மூன்றையும் ஒரே முறத்தில் புடைத்தால் இப்படித்தான் ஆகும்.

கன்ஸ்ட்ரக்டர் சங்கதி: வகுப்பிலிருந்து உருவாக்கிய ஜாவாபீன் பொருள் ஒன்று கையில் இருந்தால்தான் வேலை செய்யும் கருவிகள் சில உண்டு, அவற்றுக்காகத் திறந்து வைத்தார்கள். விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் எழுதும் வகுப்பில் தனிப்பட்டதாகவே பூட்டி வையுங்கள்.

அரசலாறு

அண்ணா, அதே நூலகத்திலேயே உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. முதலில் ஸ்ட்ரிங்யூட்டில்ஸில் ட்ரிம்டுநல்; வெறுங்கட்டமோ இடைவெளி மட்டுமோ இருந்தால் நல் ஆக்கிவிடும். அதன் விடையை நம்பர்யூட்டில்ஸில் உள்ள கிரியேட்-டபிளுக்குக் (createDouble) கொடுங்கள். நல் போனால் நல் வரும். எண் போனால் எண் வரும். 'அஆஇ' போனால் எக்ஸெப்ஷன் எறியும், அதாவது பிழை என்று கூச்சல் போடும். ட்ரிம்டுநல்லை மறந்தால் வெறுஞ்சரத்துக்கும் எக்ஸெப்ஷன்தான், எனவே வரிசை முக்கியம். விடையைச் சிறிய டபிளில் (double) வாங்காதீர்கள், நல்லையும் ஏற்கும் பெரிய டபிளில்தான் (Double) வாங்க வேண்டும். சிறியதில் வாங்கினால் நல் வந்த இடத்தில் நிரல் விழும்.

ஜாவா 11-இல் சரத்துக்கே வெறுமையா என்று பார்க்கும் இஸ்பிளாங்க் வந்துவிட்டதே, நூலகம் எதற்கு என்று எங்கள் கல்லூரியில் ஒரு நண்பன் எல்லாவற்றையும் மாற்றினான். நல் மீது அதை அழைத்தால் நிரல் விழும் என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டான்.

சராசரி எடுப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நல்களை வடிகட்டிய பிறகு ஜாவாவின் கலெக்டர்ஸ் வகுப்பில் உள்ள ஆவரேஜிங்டபிளைப் பயன்படுத்தினால், ஒரு மாதிரிகூட மிஞ்சாதபோது மறுபடி 0 தரும். டபிள்ஸ்ட்ரீமின் ஆவரேஜ் அப்படிச் செய்யாது. 'விடை இல்லை' என்பதையே ஆப்ஷனல்டபிளாகக் கையில் கொடுக்கும்.

கொள்ளிடம்

தரவுத்தளத்திலிருந்து திரும்ப எடுக்கும் இடத்தை யாரும் சொல்லவில்லையே. ஈரப்பத நெடுவரிசையில் நல் என்று ஒழுங்காகவே சேமித்திருப்பீர்கள். தரவுத்தளம் திருப்பித் தரும் ரிசல்ட்செட்டில் கெட்-டபிள் (getDouble) என்று கேட்டீர்களா, 0 என்று கொண்டுவந்து நீட்டும். உடனே வாஸ்நல் என்று கேட்டால்தான் உண்மையைச் சொல்லும். முன்வாசலில் பூட்டு மாட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் சராசரிக்கான ஏவிஜி நல்களை விட்டுவிட்டுத்தான் சராசரி போடும், எனவே பழைய பதிவுகளில் உட்கார்ந்திருக்கும் பூஜ்யங்களை நல் ஆக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 17-ஐத் தாண்டி வேறு லோடும் உள்ளே போயிருக்கலாம்.

பாமணியாறு

மூவருக்கும் நன்றி. கொள்ளிடம் ஐயா சொன்னபடி ஓட்டினேன். இன்னும் இரண்டு லோடு அகப்பட்டது. நல்ல வேளை, இரண்டும் ஏற்கெனவே அரவைக்குப் போய்விட்டன.

இப்போது நான்கு கட்டத்தில் ஒன்று காலியாக இருந்தாலும் விளக்கே எரியாது, 'அளக்கவில்லை' என்று மட்டும் வரும். மூன்றை வைத்துச் சராசரி போட்டால் என்ன என்று பையன் கேட்டான். 18.23 வருகிறதே, அதுவும் சிவப்புதானே என்றேன். பேட்டரி வாங்கி வந்துவிட்டான். அந்தக் காசையும் என் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள்.