மெலட்டூர் பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா?

தஞ்சாவூரில் இரண்டு நாள் இருப்பேன். எங்கள் வீட்டில் தெலுங்குதான், நாயக்கர் காலத்தில் நிலம் கிடைத்து வந்த குடும்பம் என்று தாத்தா சொல்வார். அப்படிக் குடியேறிய ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை. மெலட்டூர் சரியா?

பதில் 1: தாராளமாகப் போங்க. தஞ்சாவூரை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் 510 தெலுங்கு அந்தணக் குடும்பங்களுக்கு வீடு, கிணறு, நிலம் கொடுத்துக் குடியமர்த்தியதாகச் சொல்வார்கள், அதனால்தான் ஊருக்கு அச்சுதபுரம் என்றும் பேர். அவசரப்படாமல் அக்கிரகாரத்தில் நடந்து பாருங்க.

பதில் 2: நரசிம்ம ஜெயந்தி சமயம் போனால் இன்னும் நல்லது. வரதராஜப் பெருமாள் கோயில் முன்னால் ராத்திரி பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும், பாட்டும் வசனமும் தெலுங்கு, பெண் வேஷமும் ஆண்களே. நரசிம்மர் முகமூடி வெளியே வந்ததும் பக்கத்திலிருந்த பாட்டி கைகூப்பி அழுதார், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கேட்டவர்: ரொம்ப நன்றி. அப்போ பயணத்தை ஜெயந்திக்கே தள்ளிவைக்கிறேன், அப்பாவையும் கூட்டிவருகிறேன்.