லாகில் ஒரு வரிகூட இல்லை, தளம் மட்டும் திறக்கவில்லை

2014 பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்த ஜவுளிக்கடைத் தளம் ராத்திரி எட்டரைக்குப் படுத்துவிட்டது. "தம்பி, ஆர்டர் ஒண்ணும் வரலையே" என்று கடைக்காரர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் சிபியு சும்மா கிடக்கிறது, மெமரி தாராளமாக இருக்கிறது. தளத்துக்கு வரும் கோரிக்கைகளைப் பதிந்து வைக்கும் அக்சஸ் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரி நகரவில்லை. தாக்குதல் என்றால் லாக் வெள்ளமாக ஓடும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

தளத்தைப் பரிமாறும் வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்தால் அரை நிமிடம் தளம் வரும், மறுபடி போய்விடும். அந்த அரை நிமிடத்துக்குள் எந்த இணைப்பு என்ன நிலையில் இருக்கிறது என்று காட்டும் சர்வர்-ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பிடித்தேன். வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. கோரிக்கையை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே நேரத்தில் கவனிக்க இருந்த 150 இடமும் கண் முன்னாலேயே நிரம்பியது.

ஸ்லோலோரிஸ். 2009-ல் ராபர்ட் ஹான்சன் வெளியிட்ட சின்ன பெர்ல் நிரல். கோரிக்கையின் தலைப்பகுதியான ஹெட்டரைத் துண்டு துண்டாக அனுப்பும். முடிந்தது என்று சொல்லும் வெற்று வரியை மட்டும் அனுப்பவே அனுப்பாது. அப்பாச்சி 2.2-ல் டைம்அவுட், அதாவது காத்திருக்கும் நேரம், 300 விநாடி. ஒவ்வொரு துண்டு வரும்போதும் அந்தக் கணக்கு முதலிலிருந்து ஓடும். கோரிக்கை முடிந்தால்தான் லாகில் எழுதும். முடியாத கோரிக்கைக்கு ஏது லாக்?

லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் ஒரு ஐபிக்கு (இணைய முகவரிக்கு) 20 கனெக்‌ஷன் என்று வரம்பு போட்டதும் தளம் எழுந்துவிட்டது. பிறகு கோரிக்கைக்கு நேர வரம்பு வைக்கும் அப்பாச்சி துணை நிரலான மாட்_ரெக்டைம்அவுட்: ஹெட்டருக்கு 20 விநாடி, ஒவ்வொரு 500 பைட்டுக்கும் ஒரு விநாடி கூடுதல், 40-ஐத் தாண்டக்கூடாது. பண்டிகை முடிந்து என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வரை அப்பாச்சிக்கு முன்னால் நிறுத்தினேன். ஹெட்டர் முழுசாக வந்தால்தான் அது பின்னால் தள்ளிவிடும். காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு புரோசஸை ஒதுக்குவதும் இல்லை. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பதில்:

அண்ணா, ஐபி வரம்புதான் எங்களுக்கு வினையாகப் போனது. என்ஜின்எக்ஸில் ஒரு ஐபிக்கு விநாடிக்கு 5 கோரிக்கை என்று இறுக்கினேன். தாக்குதல் அடங்கியது, ஆனால் மொபைலில் வந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் 503, அதாவது 'சேவை இல்லை' என்ற பிழை. செல்போன் நெட்வொர்க்கில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள் என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை. இப்போது லாகின், தேடல் இரண்டுக்கு மட்டுமே வரம்பு. திடீரென்று கூடுதலாக வருவதற்கு பர்ஸ்ட் 20 விட்டிருக்கிறேன்.

பதில்:

சர்வருக்கு முன்னால் நின்று பார்வையாளர்களை வாங்கிக்கொள்ளும் சிடிஎன் சேவையை நாங்கள் வாங்கிப் போட்டும் அடி நிற்கவில்லை. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் மெயிலுக்கான பதிவு அதே சர்வரின் ஐபியை ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தது. சிடிஎன்னைத் தொடாமல் நேராக அங்கேயே அடித்திருக்கிறார்கள். மெயிலை வேறு மெஷினுக்கு மாற்றி, சர்வருக்குப் புது ஐபி வாங்கி, வெப் கோரிக்கைகள் வரும் 80, 443 இரண்டு போர்ட்டையும் சிடிஎன்னின் ஐபிகளுக்கு மட்டும் திறந்தோம். அன்று சாயங்காலமே அடங்கிவிட்டது.